முகப்பை மாற்றலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஓட்டு வீடுகளைப் பற்றி நாலு வரி எழுதப்போக, இந்த மாதம் தபால்பை நிறையத் திண்ணையும் தூணும்தான். பாலக்காட்டிலிருந்தும் தக்கலைப் பக்கத்திலிருந்தும் நிறையக் கடிதங்கள், செங்கோட்டையிலிருந்து இரண்டு. ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. முப்பது வருஷம் வீட்டு ப்ளான் போட்டவன், இடையில் கொஞ்ச காலம் பழைய வீடுகளின் ப்ளான்களைப் பரிசீலிக்கும் கூட்டங்களில் மேஜைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்தவன். இரண்டு பக்கத்துத் திட்டும் வாங்கிய அனுபவத்தில்தான் பதில் சொல்கிறேன்.

கல்பாத்தியில் எங்கள் ஆம் (வீடு) நூறு வருஷத்துக்கு மேல் பழசு. பெங்களூரில் இருந்த பையன் இனிமேல் இங்கேயே இருக்கப்போவதாகச் சொல்லி வந்துவிட்டான். திண்ணையை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த இடம், மேலே கான்கிரீட் மாடி, வாசல் பக்கம் கண்ணாடி வைத்த பால்கனி என்று ப்ளான் கொடுத்தோம். எட்டு மாதம் கழித்து, "தெருவின் தோற்றத்தோடு பொருந்தவில்லை" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஆத்தை நாங்கள் மாற்றக்கூடாதா?
(வாசகி, பழைய கல்பாத்தி)

மாமி, எட்டு மாதத்துக்கு ஒரு வரி என்பது அநியாயம், அதில் எனக்கும் சந்தேகமில்லை. எந்த இடம் பொருந்தவில்லை, எப்படி மாற்றினால் பொருந்தும் என்று எழுதித்தர வேண்டியது அவர்கள் கடமை. அதை எழுத்தில் கேட்டு ஒரு மனு போடுங்கள், இன்றைக்கே போடுங்கள்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய ப்ளானின் நகலைப் பார்த்தேன். அழகாகத்தான் போட்டிருக்கிறார் உங்கள் இன்ஜினியர். ஆனால் அந்தத் தாளில் உங்கள் வீடு மட்டும் தனியாக நிற்கிறது, இரண்டு பக்கமும் வெள்ளைக் காகிதம், ஏதோ பொட்டல் காட்டில் கட்டுகிற மாதிரி. கல்பாத்தியில் அப்படி ஒரு வீடு உண்டா? உங்கள் வலது சுவர்தான் பக்கத்து வீட்டுக்காரரின் இடது சுவர். உங்கள் ஓட்டுச் சரிவும் அவர் ஓட்டுச் சரிவும் ஒரே கோட்டில் தெருக்கோடி வரை போகின்றன. கோயில் கல்வெட்டில் உள்ள 1425 ஆம் வருஷத்திலிருந்து எண்ணினால் இந்த ஊருக்கு அறுநூறு வயது. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்ற நாலு கிராமத்தையும் சேர்த்துத்தான் அரசாங்கம் பாரம்பரியப் பகுதி என்று பார்க்கிறது. வீடு வீடாகப் பார்த்தால் இங்கே அரண்மனை எதுவும் கிடையாது. நம் பாட்டனார்கள் கட்டியது சாதாரண வீடுகள்தான். வரிசையாக நிற்பதால்தான் அது கல்பாத்தி.

பரிசீலனைக்கு வருகிறவர் தெருவில் நின்றுகொண்டு என்ன பார்க்கிறார் என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். இறவாணம், அதாவது கூரையின் தொங்கல் விளிம்பு, எந்த உயரத்தில் ஓடுகிறது, ஓட்டுச் சரிவு தெருப்பக்கம் இறங்குகிறதா, திண்ணை மட்டம் பக்கத்துத் திண்ணையோடு சேர்கிறதா, வாசல் எத்தனை அகலம், ஜன்னல் நின்றவாக்கில் இருக்கிறதா படுத்தவாக்கில் இருக்கிறதா, மரமா அலுமினியமா. அவ்வளவுதான். உள்ளே கூடத்தை இரண்டாகப் பிரித்து ஏசி அறை போட்டீர்களா, அடுக்களையில் கிரானைட் மேடை கட்டினீர்களா என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் கேள்வியே இல்லை. பர்மிட் கொடுப்பது நகராட்சிதான் என்றாலும், பாரம்பரியப் பகுதி என்றால் கேரள அரசின் ஆர்ட் அண்ட் ஹெரிட்டேஜ் கமிஷன் சொல்வதைக் கேட்டுத்தான் கொடுப்பார்கள். அவர்கள் மேஜைக்குப் போவது காகிதம் மட்டும்தான். காகிதத்தில் தெரு இல்லையென்றால், தெருவோடு பொருந்துகிறது என்று அவர்கள் எதைப் பார்த்துச் சொல்வார்கள்?

இனி ஒவ்வொன்றாக வருவோம்.

கார் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். பதினாறு பதினேழு அடி முகப்பில் பத்தடியைக் காருக்குக் கொடுத்தால் மிஞ்சுவது ஒரு ஷட்டரும் ஒரு கதவும். வரிசையாக இருக்கிற பல்லில் முன்பல் ஒன்று விழுந்த மாதிரி இருக்கும், அதையும் தேர் போகிற தெருவில்! ஐப்பசிக் கடைசியில் தேர் வரும்போது வீட்டுக்கு வருகிற இருபது முப்பது பேர் எங்கே உட்காருவார்கள் என்று பையனிடம் கேட்டுப்பாருங்கள். கொல்லைப்பக்கம் வண்டி வரும் சந்து இருந்தால் அங்கே ஓடு வேய்ந்த கொட்டகை போட்டுக்கொள்ளலாம். முன்னால் இருந்து கண்ணுக்கே தெரியாது, யாரும் ஆட்சேபிக்கவும் மாட்டார்கள். சந்து இல்லையென்றால் பக்கத்தில் எங்காவது மாத வாடகைக்கு இடம் பார்ப்பதுதான் வழி, அது தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன்.

மாடி கேட்டதில் தப்பே இல்லை. குடும்பம் பெருகினால் அறை வேண்டாமா? அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பேப்பரில் போட்டுப்பாருங்கள். எதிர்த்திண்ணையை ஒட்டித் தெருவில் ஒருவர் நிற்கிறார், கண் மட்டம் தெருவிலிருந்து சுமார் ஐந்தடி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து உங்கள் முன்சுவர் 30 அடி. ஓட்டின் முகடு முன்சுவருக்கு 12 அடி உள்ளே, தரையிலிருந்து 20 அடி உயரத்தில். அவர் கண்ணிலிருந்து முகடு வரை 42 அடி தூரத்தில் கோடு 15 அடி ஏறுகிறது. அதே கோட்டை முகட்டுக்குப் பின்னால் இன்னும் 15 அடி நீட்டினால் 25 அடி உயரத்துக்கு மேல் போகும். அப்படியென்றால் முகட்டிலிருந்து 15 அடி உள்ளே தள்ளி, மொத்த உயரம் 25 அடிக்குள் மாடி கட்டினால் அங்கே நிற்கிறவருக்குத் தெரியாது. அக்ரஹார வீடு அகலத்தில் சின்னது, நீளத்தில் ரயில் பெட்டி, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொட்டில், கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். பின்னால் இடத்துக்கா பஞ்சம்? முற்றத்துக்குப் பின்னால் மாடி எடுங்கள், மேலே ஓட்டுச் சரிவு போடுங்கள். கான்கிரீட் தளம்தான் வேண்டும் என்று பையன் பிடிவாதம் பிடித்தால் தளத்தின் மேல் ஓடு போட்டும் சமாளிக்கலாம், எனக்கு அது பிடிக்காது, ஆனால் கமிட்டியில் ஓடியிருக்கிறது.

தெருக்கோடியில் நின்று பார்த்தால் வேறு கோணம், அதையும் ஒரு தடவை சரிபாருங்கள். இரண்டு மூங்கிலை நிற்கவைத்து உச்சியில் சிவப்புத் துணி கட்டி, தெருவின் இரண்டு கோடியிலிருந்தும் போட்டோ எடுத்து மனுவோடு வைத்தால், வாய் வார்த்தையாக நூறு சொல்வதைவிட அது பேசும். நாங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் துணிக்குப் பதிலாகப் பேத்தியின் சிவப்புப் பாவாடையைக் கட்டி எடுத்த போட்டோவைக் கொண்டுவந்தார். பத்து நிமிஷத்தில் ஒப்புதல்.

கண்ணாடி பால்கனியை விட்டுவிடுங்கள். அதற்கு வக்காலத்து வாங்க என்னால் முடியாது.

புது மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்றால், இப்போது இருக்கிற முகப்பின் அளவெடுத்த வரைபடம், செய்யப்போகிற முகப்பின் வரைபடம், இரண்டும் ஒரே அளவில். இருபக்கமும் மூன்று மூன்று வீட்டு முகப்புகளையும் சேர்த்து ஏழு வீடும் ஒரே தாளில். வீட்டை நீளவாட்டில் வெட்டின மாதிரி ஒரு படம், அதில் மேலே சொன்ன கண்மட்டக் கோடு. எந்த மரம், எந்த ஓடு, என்ன சாந்து, என்ன நிறம் என்று ஒரு பக்கம். எதை எடுக்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு பக்கம். இதோடு போனால் "பொருந்தவில்லை" என்று ஒரு வரியில் எழுத அவர்களுக்கும் கை வராது.

ஏசி வெளிப்பெட்டியை எங்கே வைப்பது? வாசல் சுவருக்கு நீல நிறம் அடிக்கலாமா?
(வாசகர், சாத்தபுரம்)

பெட்டி முற்றத்துப் பக்கம் அல்லது பின்சரிவுக்கு அப்பால். தண்ணீர்க் குழாய், கேபிள் ஒயர், டிஷ் எல்லாவற்றுக்கும் அதே பதில். நீலம் அடிக்கலாம், சுண்ணாம்போடு கலந்த வெளிறிய நீலம் என்றால் பழைய வீடுகளில் இருந்ததுதான். பெயிண்ட் கடை அட்டையில் பத்தடி தூரத்தில் கண்ணைக் குத்துகிற நீலம் என்றால் ஒரு தடவை கேட்டுவிட்டு அடியுங்கள். சாதாரண வீட்டுக்குச் சுண்ணாம்படிக்க யாரும் பர்மிட் வாங்குவதில்லைதான். அறிவிக்கப்பட்ட தெருவில் முகப்பின் தோற்றம் மாறுகிறது என்றால் கேட்டுவிடுவது நல்லது. நிறத்தைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இதற்கெல்லாம் கமிட்டியில் ரொம்பத் தொந்தரவு பண்ண மாட்டார்கள்.

பத்மநாபபுரம் கோட்டைக்குள் தாத்தா காலத்து வீடு. வெளிச்சுவரில் பூச்சு உதிர்கிறது. கான்ட்ராக்டர் எல்லாவற்றையும் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, தரையிலிருந்து மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டினால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார். அரண்மனை பக்கத்தில் இருப்பதால் கேரளாவில் அனுமதி வாங்க வேண்டுமா, தமிழ்நாட்டிலா?
(வாசகர், தக்கலை)

இரண்டாவது கேள்வி முதலில். 1956-ல் எல்லை பிரித்தபோது ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. அதனால் அரண்மனைச் சாவி கேரளத் தொல்லியல் துறையிடம், உங்கள் வீட்டுவரி ரசீது பத்மநாபபுரம் நகராட்சியிடம். வீட்டு வேலைக்கு நீங்கள் போக வேண்டியது நகராட்சிக்குத்தான். அரண்மனையை ஒட்டின மனை என்றால் அங்கிருக்கிற பாதுகாப்பு விதி ஏதாவது பொருந்துமா என்பதையும் அதே மேஜையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கான்ட்ராக்டர் சொன்னதற்கு வருகிறேன். தயவுசெய்து அந்த ஆளை வாசலிலேயே நிறுத்துங்கள்.

பழைய சுவர் வெட்டுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் அந்தக் காலத்தில் போடவில்லை. மண்ணிலிருந்து ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்க் காற்றில் காயும். சுவர் மூச்சு விடுகிறது என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். நீங்கள் வெளியே சிமெண்ட் பூசி டைல்ஸும் ஒட்டிவிட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? போக வழியில்லாமல் மேலே ஏறும். மூன்றடி டைல்ஸுக்கு மேலே நாலாவது அடியில் வெளியே வரும், கூடவே உப்பைக் கொண்டுவரும், அந்த உப்பு காய்ந்து பெருத்து பூச்சைத் தள்ளும். இரண்டு மழைக்காலத்தில் டைல்ஸுக்கு மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்து, தட்டினால் டொப் டொப்பென்று சத்தம் வரும். கான்ட்ராக்டர் அப்போது ஏழடிக்கு டைல்ஸ் ஒட்டலாம் என்பார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் அப்பா 1987-ல் இதையேதான் செய்தார். கொத்தனாரைக் கூட்டிவந்தவன் நான். வாசல் சுவரில் என் உயரத்துக்கு உப்புப் பூத்ததைப் பார்த்துக்கொண்டே பத்து வருஷம் அந்த வீட்டில் இருந்தோம், கடைசியில் எல்லாவற்றையும் கொத்தி எடுத்தபோது வெட்டுக்கல்லின் முகம் விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது இது. முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓட்டிலிருந்து விழும் மழைநீர் சுவர் ஓரத்திலேயே தேங்குகிறதா, பிற்பாடு போட்ட சிமெண்ட் தளம் தண்ணீரைச் சுவருக்குத் திருப்புகிறதா, ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டதா. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சும் நிற்காது. அப்புறம் உதிர்கிற இடத்தை மட்டும் கொத்தி, கெட்டியாக இருக்கிற பழைய பூச்சை அப்படியே விட்டுவிட்டு, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த மணல் இரண்டரை அல்லது மூன்று பங்கு போட்டு மெல்லிய அடுக்காகப் பூசச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒரு இஞ்ச் பூசினால் வெடிக்கும். வெயில் படாமல் சாக்கு நனைத்துத் தொங்கவிட வேண்டும். கடுக்காய், வெல்லம் சேர்ப்பதெல்லாம் மேஸ்திரியின் கைப்பழக்கம், தெரிந்தவர் என்றால் சேர்க்கட்டும், தெரியாதவர் என்றால் வெறும் சுண்ணாம்பும் மணலும் போதும். உங்கள் பக்கம் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, அதனால் தை மாதத்தில் ஆரம்பித்துப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்புதான்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கிடைக்க மாட்டார் என்பீர்கள். உங்களுக்கா கிடைக்காது? நாலு தெரு தள்ளி அரண்மனை இருக்கிறது, அங்கே பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்களை விசாரியுங்கள். போன வாரம் ஒருவர் அந்த அரண்மனைத் தரை மாதிரியே கறுப்பாகப் பளபளவென்று வேண்டும், முட்டை வெள்ளைக்கரு எத்தனை வாங்கட்டும் என்று போனில் கேட்டார். அவருக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பாலக்காடு கோட்டை பக்கத்தில் எங்கள் வீடு. ஓடு மாற்றக்கூட முடியாது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
(வாசகி, பாலக்காடு)

பாதி உண்மை. ஹைதர் அலி 1766-ல் கட்டிய அந்தக் கோட்டை இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-ல் திருத்திய மத்தியச் சட்டப்படி அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்த பகுதி, அதற்கு மேல் இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. நூறு மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே முடியாது. ஆனால் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அதற்கென்று இருக்கிற தகுதியான அதிகாரியிடம் அனுமதி கேட்கலாம். நூறிலிருந்து முந்நூறு வரை என்றால் கட்டவும் கேட்கலாம், பழுதுபார்க்கவும் கேட்கலாம். ஆகவே முதல் வேலை, டேப்பைப் பிடிப்பது. அளவு கோட்டையின் அறிவிக்கப்பட்ட எல்லையிலிருந்து, கோட்டை வாசல் கதவிலிருந்து இல்லை. இரண்டாவது, வீடு 1992-க்கு முந்தையது என்று காட்டப் பழைய வரி ரசீதையோ கரண்ட் பில்லையோ தேடி எடுத்து வைப்பது.

ஓடு மாற்றும்போது ஒன்று. மங்களூர் ஓடு என்று பொதுவாகச் சொல்கிறோம், 1865-ல் பாஸல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆரம்பித்தது, அப்புறம் மலபார் முழுக்க ஓட்டுக் கம்பெனிகள். ஒவ்வொரு கம்பெனி ஓட்டுக்கும் காதும் பள்ளமும் நூலளவு வித்தியாசம், ஒன்றோடு ஒன்று பூட்டாது, இடுக்கில் ஒழுகும். ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், அடியில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். நல்ல பழைய ஓடுகளையெல்லாம் பொறுக்கித் தெருப்பக்கச் சரிவுக்குப் போடுங்கள், புது ஓடுகளைப் பின்சரிவுக்குப் போடுங்கள். ஒழுகவும் செய்யாது, முகப்பும் மாறாது.

பாரம்பரியம், பாரம்பரியம் என்று எழுதுகிறீர்களே, ஒரு மூட்டை சுண்ணாம்பாவது வாங்கித் தந்தீர்களா? தேக்குக்கு நாங்கள் காசு கொடுக்க வேண்டும், டூரிஸ்ட் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவான். எங்களையும் காட்சிப்பொருளாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.
(வாசகர், கோவிந்தராஜபுரம்)

வாங்கித் தரவில்லை சார். நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம். விதி போட்டவர்கள் பணத்தைப் போடவில்லை. மர ஜன்னலுக்கும் அலுமினிய ஜன்னலுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, "மரம்தான்" என்று கையெழுத்துப் போடுவது சுலபம். நானும் போட்டிருக்கிறேன். கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும், போதுமான பேர் வரவில்லையென்று அதுவும் தள்ளிப்போகும், அதற்குள் மழை வந்து கைமரம் உளுத்துவிடும். கழிவறை கட்டக் கேட்டவரையும் கண்ணாடி பால்கனி கேட்டவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவார்கள். பின்பக்கத்து வேலை, தெருவில் தெரியாத வேலை, பழுதான பலகையை அதே அளவில் மாற்றுகிற வேலை, இவற்றை உள்ளூர் அலுவலகத்திலேயே பதினைந்து நாளில் முடித்துக்கொடுத்துவிட்டு, மாடியும் இடிப்பும் மட்டும் மேலே போகட்டும் என்று நான் சொன்னதற்கு, பார்ப்போம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மீதிக் கால்வாசியில்தான் நம் சண்டை. உங்கள் வீட்டுக்கு இன்றைக்கு வருகிற விலையில் கொஞ்சம் பக்கத்து வீட்டுத் திண்ணையால் வருகிறது, அவர் வீட்டு விலையில் கொஞ்சம் உங்கள் தூணால் வருகிறது. உங்கள் எதிர்வீட்டுக்காரர் நாளைக்கு மூன்று மாடி கட்டி ஷட்டர் போட்டால் முதல் புகார் உங்களிடமிருந்துதான் வரும், எனக்கு எழுதியிருப்பதன் இரண்டாவது பக்கத்தில் அவரைப் பற்றித்தானே எழுதியிருக்கிறீர்கள்!

மகன் நியூயார்க்கில் ப்ரூக்ளினில் பழைய வீடு வாங்கியிருக்கிறான். ஜன்னல் மாற்றக்கூட ஏதோ சர்டிபிகேட் வேண்டுமாம். அமெரிக்காவிலுமா இந்தத் தொல்லை?
(வாசகர், கொல்லங்கோடு)

அங்கேதான் அதிகம். 1963-ல் பென்சில்வேனியா ஸ்டேஷன் என்ற பிரமாண்டமான ரயில் நிலையத்தை இடிக்க ஆரம்பித்தார்கள், அந்த வயிற்றெரிச்சலில் 1965-ல் சட்டம் வந்தது, ஒரு கமிஷனும் வந்தது. அதே வருஷம் முதல் பாரம்பரியப் பகுதியாக அறிவித்ததே ப்ரூக்ளின் ஹைட்ஸைத்தான். பாரம்பரியப் பகுதியில் வெளித்தோற்றத்தில் பெரிய மாற்றம் என்றால் பொருத்தச் சான்றிதழ் வேண்டும், அதற்குப் பொது விசாரணை உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஆட்சேபிக்கலாம். சின்ன வேலைக்கு, கமிஷன் ஊழியர்களே கொடுக்கிற தனி பர்மிட். உடைந்த கண்ணாடியை மாற்றுவது போன்ற அன்றாடப் பராமரிப்புக்கு ஒன்றும் வேண்டாம். ஜன்னல் என்றால் சட்டத்தின் கனம், கண்ணாடி எத்தனை கட்டமாகப் பிரிகிறது என்பதெல்லாம் பார்ப்பார்கள். பையனை, முந்தைய சொந்தக்காரர் அனுமதியில்லாமல் ஏதாவது செய்து நோட்டீஸ் நிலுவையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், அது புதுச் சொந்தக்காரர் தலையில் விடியும்.

கோவிந்தராஜபுரம் சார் கேட்ட கேள்வியையே அந்த ஊரிலும் கேட்டு, கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன் மேல் ஐம்பது மாடிக்கும் மேலே கட்டவிடவில்லையே என்று கம்பெனிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1978-ல் தோற்றார்கள்.

எங்கள் வீடு எந்தப் பட்டியலிலும் இல்லை. அப்படியானால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்தானே?
(வாசகர், செங்கோட்டை)

சட்டப்படி, சாதாரணக் கட்டட விதிக்குள் செய்யலாம். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியும் நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. சென்னையில் நீதிபதி பத்மநாபன் குழு எடுத்த பட்டியலில் 467 கட்டடங்கள் உண்டு, உங்கள் ஊர் வரைக்கும் அதெல்லாம் வரவில்லை. ஆனால் கேட்ட தோரணையைப் பார்த்தால் உங்களுக்கே மனசு வரவில்லை போலிருக்கிறதே. கூட அனுப்பிய போட்டோவில் வாசல் தூணின் கீழே யாரோ சாணி மெழுகிக் கோலம் போட்டிருக்கிறார்கள். அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பழைய நிலைக்கதவுக்கு ஒருவர் நல்ல விலை சொல்கிறார். விற்றுவிட்டு ஸ்டீல் கதவு போடலாமா?
(வாசகி, புதிய கல்பாத்தி)

மாமி, வாசல் நிலை முகப்பில் சேர்ந்தது, எடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். அது இருக்கட்டும். அவர் சொன்ன விலை கதவுக்கு மட்டுமா, நிலையும் தாழ்ப்பாளும் சேர்த்தா? அந்த நிலையின் மேல் மரம்தான் பெரும்பாலும் மேலே உள்ள சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதை உருவினால் மேலே இருக்கிற ஓட்டு வரிசை இறங்கும், பொதுச்சுவர் என்பதால் பக்கத்து ஆத்திலும் விரிசல் விடும். காலையில் கதவு திறக்கும்போது கிறீச்சென்று கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கதவு சுழல்கிற குடுமியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப்பாருங்கள்.